பெட்ரோல் எஞ்சினுக்குப் புதுப் பிளக்கு மாட்டும் முறை

வாய்க்கால் நீரை மேட்டு நிலத்துக்கு ஏற்றவும், மழைக்காலத்தில் வயலில் தேங்கிய வெள்ளத்தை வடிக்கவும், சிறு பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பம்புகள் பல கிராமங்களில் உபயோகத்திலிருக்கின்றன. வரிசை நடவு வயலிலும் தோட்டக்காலிலும் களையெடுக்கும் யந்திரங்கள் பலவும் இவ்வகை எஞ்சினாலேயே ஓடுகின்றன. இருவர் தூக்கிச் செல்லக்கூடிய கனமும், கயிற்றை இழுத்தவுடன் ஓடும் சுலபமும் இதன் அனுகூலங்கள். ஆனால் வேலையில்லாத மாதங்களில் மூலையில் கிடந்துவிட்டு, வேண்டிய நாளில் எத்தனை முறை இழுத்தாலும் ஓடாமல் நிற்பதும் இதற்கு வழக்கம். அந்த வேளையில் முதலில் பழி சுமப்பது பிளக்கு. உடனே கடைக்கு ஆள் அனுப்பிப் புதியது வாங்கி மாட்டுகிறார்கள். சில சமயம் எஞ்சின் ஓடுகிறது. பல சமயம் ஓடுவதில்லை. வேறு சில சமயம் மாட்டிய அவசரத்திலேயே சிலிண்டர் தலையின் மரை கெட்டு, சிறு செலவில் தீரவேண்டிய காரியம் லேத் பட்டறை வரையில் போய்விடுகிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்யும் டெல்டா தாலுகாக்களில் இவ்விஷயம் விளையாட்டல்ல. சம்பாவின் இளம்பயிர் தலை மூழ்கிச் சில நாள் கிடந்தால் அழுகிப்போகும். புயலடித்தால் மின்சாரம் நின்றுவிடுவதால் மின் மோட்டாரை நம்பியிருக்க முடியாது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயலுக்குப் பின் பல ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லாதிருந்ததைக் குடியானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் ஊராட்சிக் கட்டடத்திலிருக்கும் பெட்ரோல் பம்பு ஓடுமா ஓடாதா என்பது ஒரு விரல் நீளமுள்ள பிளக்கைப் பொறுத்ததாக ஆகிவிடலாம். டீசல் எஞ்சின் வைத்திருப்போருக்கு இக்கவலையில்லை. அதில் காற்று மிகவும் அழுத்தப்பட்டு, அச்சூட்டினாலேயே எண்ணெய் தீப்பற்றுகிறது. பிளக்கு பெட்ரோல் எஞ்சினுக்கே உரியது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் நான்கு முறை மேலும் கீழும் சென்றால் ஒரு காரியம் முற்றுப்பெறுகிறது. முதலில் இறங்கும்போது பெட்ரோல் கலந்த காற்றை இழுக்கிறது. ஏறும்போது அதை அழுத்துகிறது. அழுத்தம் முற்றுமிடத்தில் பிளக்கு பொறி தட்ட, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி ஏறும்போது புகை வெளியே போகிறது. ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் 1876-இல் இவ்வகை எஞ்சினை ஓட்டிக் காட்டினார். இன்றைய பிளக்குக்கு ஏற்ற அதிக அழுத்த மின்சாரத்தை உண்டாக்கும் மாக்னெட்டோவை ராபர்ட் போஷ் பட்டறையில் வேலைபார்த்த கோட்லோப் ஹோனோல்ட் 1902-இல் அமைத்தார். சிறு எஞ்சின்களில் கயிறு சுற்றியிருக்கும் பக்கத்துக் கனத்த சக்கரத்தில் காந்தம் பதித்திருக்கும். அச்சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஒரு பொறி. நிமிஷத்துக்கு 3600 சுற்று ஓடும் எஞ்சினில் பிளக்கு நிமிஷத்துக்கு 3600 முறை பொறி தட்டுகிறது. அவற்றில் பாதி புகை வெளியேறும் சமயத்தில் வீணாய்ப் போகின்றன. ஒரு போகத்தில் அது செய்யும் உழைப்பு எவ்வளவென்பதை இதனால் ஊகிக்கலாம்.

பிளக்கைக் கழற்றுமுன் வேறு சிலவற்றைப் பார்த்துவிடுவது நலம். பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, சுவிச்சு போடப்பட்டிருக்கிறதா என்பவை சிறு விஷயங்களாயினும் அவசரத்தில் மறந்துபோகின்றன. இவற்றைவிட முக்கியமானது எஞ்சினிலுள்ள ஆயில். இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் பொறியையே நிறுத்திவிடும் கருவி அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் பழுதாகாமல் காக்க ஏற்பட்ட ஏற்பாடு அது. ஆயில் குறைந்த எஞ்சினுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பிளக்குகள் மாற்றினாலும் பொறி வராது. அரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆயிலே கொள்ளும் எஞ்சினில் கொஞ்சம் குறைந்தாலும், வரப்பில் சரிந்து நின்றாலும், அக்கருவி நிறுத்திவிடும். ஆகையால் எஞ்சினைச் சமதரையில் வைத்து, ஆயில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்ப்பதே முதல் வேலை.

பெட்ரோலும் கவனிக்கத்தக்கது. புல்வெட்டும் யந்திரம் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு ஆயில் கலந்த பெட்ரோல் வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வெறும் பெட்ரோல். இரண்டும் இருக்கும் வீட்டில் டின் மாறிப்போவதுண்டு. ஆயில் கலந்ததை நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஊற்றினால் புகை கக்கிப் பிளக்கில் பிசின் போலப் படியும். டின்களுக்கு வேறு வேறு நிறம் பூசி வைப்பது போதுமான உபாயம். இந்நாட்டில் 2025-இல் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சுபாவமுள்ளது. சென்ற வருஷத்து மழையில் ஊற்றிய பெட்ரோலை இவ்வருஷத்து மழைக்கு நம்புவது சரியன்று. அதைக் கீழே இறக்கிவிட்டுப் புதிது ஊற்றவேண்டும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் எஞ்சின் ஓடவில்லையானால் பிளக்கைக் கழற்றலாம். எஞ்சின் ஓடி நின்ற சூட்டோடு கழற்றவே கூடாது. சிலிண்டர் தலை அலுமினியத்தாலும், பிளக்கின் மரை எஃகாலும் ஆனவை. சூட்டில் பிடித்துக்கொண்டிருக்கும்போது திருகினால் மெத்தென்ற அலுமினிய மரை கூடவே பெயர்ந்து வரும். கை வைத்துப் பொறுக்கக்கூடிய அளவு ஆறவேண்டும். பிறகு மேலிருக்கும் ரப்பர்த் தொப்பியைப் பிடித்து இழுக்கவேண்டுமேயன்றி வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. பிளக்கைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மண்ணும் தவிடும் வைக்கோல் தூசும் சேர்ந்திருக்கும். சைக்கிள் பம்பினால் காற்றடித்து அதைப் போக்கியபின்பே திருகவேண்டும். இல்லையேல் பிளக்கு வெளிவந்தவுடன் அம்மண் சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டன் வளையங்களை அராவிவிடும். எஞ்சினோடு கொடுக்கப்படும் குழல் ஸ்பேனரே இதற்குத் தகுந்தது. வாய் விரிந்த ஸ்பேனரோ கட்டிங் பிளேயரோ போட்டால் பீங்கான் வெடித்துவிடும். இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் சில துளி விட்டுச் சற்று நேரம் பொறுத்து, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாய் அசைத்துக் கழற்றவேண்டும்.

கழற்றியதும் தூக்கியெறிவது பெரும்பாலோர் செய்யும் தவறு. வைத்தியர் நாக்கைப் பார்த்து வயிற்றின் நிலையை அறிவதுபோல, பிளக்கின் நுனியைப் பார்த்து எஞ்சினின் உள்நிலையை அறியலாம். வெயிலில் பிடித்து நன்றாகப் பார்க்கவேண்டும்.

நுனிப் பீங்கான் வெளிறிய பழுப்பு நிறமாயோ சாம்பல் நிறமாயோ உலர்ந்திருந்தால் எஞ்சின் சுகமாயிருக்கிறது, கோளாறு வேறிடத்தில். விரலில் ஒட்டும் உலர்ந்த கரி படிந்திருந்தால் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்து எரிகிறதென்று பொருள். இதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று வடிகட்டி அடைத்துக்கொள்வதேயாகும். புழுதிக் காட்டில் களையெடுக்கும் யந்திரத்தின் வடிகட்டியைத் தட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஓடத் தொடங்கியபின் சோக்கைத் திறக்க மறந்து மணிக்கணக்காக ஓட்டினாலும் இப்படியே கரி பிடிக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் பிளக்கை மட்டும் மாற்றினால் புதியதும் சில நாளில் கறுத்துவிடும்.

நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால், ஓடாத எஞ்சினை மேலும் மேலும் இழுத்ததால் உள்ளே பெட்ரோல் நிறைந்துவிட்டது. கனடா முதலிய நாடுகளில் பனிமேல் ஓடும் வண்டிகளிலும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் உண்டு. அங்கே கடுங்குளிரில் பெட்ரோல் நன்றாக ஆவியாகாமல் பிளக்கு நனைவது சகஜம். இங்கே குளிரில்லாவிட்டாலும் சோக்கை மூடியபடியே இருபது தடவை இழுக்கும் பொறுமையின்மை அதே பலனைத் தருகிறது. இதற்குப் புதுப் பிளக்கு வேண்டியதில்லை. பெட்ரோல் குழாயை மூடி, சுவிச்சை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக்கில்லாமலே கயிற்றை நாலைந்து முறை இழுத்தால் உள்ளிருக்கும் பெட்ரோல் வெளியேறும். பிளக்கைத் துணியால் துடைத்து உலர்த்தி மாட்டலாம். அச்சமயம் பக்கத்தில் பீடி, விளக்கு முதலிய நெருப்பு எதுவும் இருக்கலாகாது.

பளபளவென்று ஆயில் பூசினாற்போலிருந்தால் கொஞ்சம் யோசிக்கவேண்டும். யந்திரத்தை வண்டியில் ஏற்றும்போது சிலிண்டர் கீழாகும்படி சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். துடைத்து மாட்டினால் சிறிது நேரம் புகைந்து தெளிந்துவிடும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இப்படியாகலாம். சாய்க்காமலும் அதிகம் ஊற்றாமலும் திரும்பத் திரும்ப ஆயில் வருமானால் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்துவிட்டன. அதற்கு மெக்கானிக்கே மருந்து.

எல்லாவற்றிலும் அபாயமானது வெள்ளைப் பிளக்கு. பீங்கான் சுண்ணாம்பு போல் வெளுத்து, கொப்புளம் கண்டு, முனைகள் உருகினாற்போலிருந்தால் எஞ்சின் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கிடையில் வைக்கோலும் பதரும் அடைத்துக் காற்றோட்டம் நின்றிருக்கலாம். கார்புரேட்டரில் அழுக்குச் சேர்ந்து பெட்ரோல் போதாமலிருக்கலாம். பிளக்கே இறுகாமல் தளர்ந்திருக்கலாம். அல்லது பொருந்தாத ஜாதிப் பிளக்கு மாட்டப்பட்டிருக்கலாம். இதைக் கவனியாமல் மேலும் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழுவதும் உண்டு.

பொருந்தாத ஜாதி என்பது யாதெனில், பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பிளக்குகள் சூட்டைக் கடத்தும் திறமையில் வேறுபடுகின்றன. பிளக்கின் நுனி ஏறக்குறைய 500 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்தால் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளாது. 850 டிகிரிக்கு மேற்பட்டால் பொறி வருமுன்பே கலவையைக் கொளுத்திவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும்படி ஒவ்வோர் எஞ்சினுக்கும் தக்க பிளக்கைச் செய்தவரே குறிப்பிட்டிருக்கிறார். மேலே அச்சிட்டிருக்கும் எழுத்துகளிலேயே இவ்விவரம் அடங்கியிருக்கிறது. உதாரணமாக, பம்புகளில் மிகுதியாய்க் காணப்படும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்கு என்ஜிகே கம்பெனியின் பிபிஆர்6இஎஸ் என்னும் பிளக்கு குறிக்கப்பட்டிருக்கிறது. இதில் ‘பி’ என்னும் முதலெழுத்து மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்பதையும், ‘ஆர்’ வானொலிக்கு இரைச்சல் உண்டாகாதபடி தடை வைத்திருப்பதையும், ‘6’ சூட்டின் தரத்தையும், ‘இ’ மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் என்பதையும் காட்டும். சூட்டின் எண் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏறச் சூட்டை விரைவில் கடத்தும் குளிர்ந்த ஜாதி. போஷ் பிளக்கிலோ எண் ஏற ஏறச் சூடான ஜாதி. ஆகவே ஒரு கம்பெனியின் எண்ணைச் சொல்லி மற்றொரு கம்பெனியின் பிளக்கைக் கேட்பது விபரீதமாகும். பழைய பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்வது நலம். பழையதே தவறாக மாட்டப்பட்டதாயிருக்கலாமாதலால் எஞ்சினோடு வந்த புஸ்தகத்தையும் பார்த்துக்கொள்வது அதைவிட நலம்.

நீளமும் முக்கியம். விட்டம் 14 மில்லிமீட்டராயிருந்து, மரையின் நீளம் 9.5, 12.7, 19 என்று மாறுபடும் பிளக்குகள் கடையில் கிடைக்கின்றன. ஸ்பேனருக்குப் பொருந்துகிறதே என்று குட்டையானதை மாட்டினால் எஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் பொறி பள்ளத்துக்குள் தட்டுவதால் பலம் குறையும்; வெறுமையாய்க் கிடக்கும் அடிமரையில் கரி கெட்டியாகிப் பின்னால் சரியான பிளக்கை உள்ளே விடாது. நீளம் அதிகமானதை மாட்டினாலோ பிஸ்டனோ வால்வோ அதில் மோதும்.

புதுப் பிளக்கின் முனைகளுக்கிடையேயுள்ள இடைவெளியை அளந்தே மாட்டவேண்டும். பெட்டியில் வரும்போதே எல்லாம் சரியாயிருக்குமென்று எண்ணலாகாது. வழியில் விழுந்து முனை மடங்கியிருக்கக்கூடும். மேற்சொன்ன எஞ்சினுக்கு இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டளவை மெக்கானிக்குகளிடம் உண்டு; கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று வாங்கி வைத்தால் ஊருக்கெல்லாம் உதவும். தகடு லேசாக உராய்ந்து செல்லவேண்டும். திருத்த வேண்டியிருந்தால் வெளிமுனையை மட்டும் மெள்ள வளைக்கலாம்; நடுமுனையைத் தொடக்கூடாது. தரையில் பலமாக விழுந்த பிளக்கின் பீங்கான் உள்ளே விண்டிருக்கலாமாதலால் அதைத் தள்ளிவிடவேண்டும். பழையதையே சுத்தம் செய்து மாட்டுவோர் உப்புத்தாளாலும் எஃகுக் கம்பி பிரஷ்ஷாலும் பீங்கானைத் தேய்ப்பது வழக்கம். பிரஷ்ஷின் இரும்பு பீங்கானில் கோடாகப் படிந்து, மின்சாரம் பொறியாகத் தாவாமல் அக்கோட்டின் வழியே கசிந்துபோகும். பெட்ரோலில் நனைத்த துணியே போதும்.

மாட்டுவதில்தான் பொறுமை வேண்டும். முதலில் ஸ்பேனரைத் தொடவே கூடாது. பழைய பெட்ரோல் டியூப் ஒரு சாண் நீளம் வெட்டி, அதைப் பிளக்கின் மேல் நுனியில் செருகி, டியூபைப் பிடித்துத் திருகினால் பிளக்கு தானே மரையைக் கண்டுபிடித்து இறங்கும். கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், மரை கெடாது. சற்று முதலில் இடப்பக்கமாகத் திருப்பி, மரை விழும் ‘டிக்’ என்னும் உணர்ச்சி கண்டபின் வலப்பக்கம் திருகுவது அனுபவசாலிகளின் வழக்கம். வாஷர் உட்காரும் வரையில் கையாலேயே இறங்கவேண்டும். இறங்கவில்லையென்றால் பலத்தை உபயோகிக்காமல் கழற்றி மறுபடி தொடங்கவேண்டும். உட்கார்ந்தபின் குழல் ஸ்பேனரால் புதுப் பிளக்கை அரைச் சுற்று இறுக்கினால் வாஷர் நசுங்கிப் படியும். ஒருமுறை உபயோகித்த பிளக்குக்கு வாஷர் முன்பே நசுங்கியிருப்பதால் அரைக்கால் சுற்று முதல் கால் சுற்று வரை போதும். ‘இன்னும் ஒரு பிடி’ என்று காலால் மிதித்து இறுக்கும் பழக்கமே பல சிலிண்டர் தலைகளுக்கு யமனாகிறது. குறைவாக இறுக்குவதும் தவறு. பிளக்கின் சூடு மரை வழியாகவும் வாஷர் வழியாகவுமே வெளியேறுவதால், தளர்ந்த பிளக்கு தானும் வெந்து எஞ்சினையும் வேகவைக்கும்.

பொறி வருகிறதாவென்று பார்க்க விரும்புவோர், மாட்டுவதற்கு முன், பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் இரும்புப் பகுதி எஞ்சின் உடலைத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுக்கலாம். நீலப் பொறி பளிச்சென்று தெரியவேண்டும். பிளக்குத் துவாரத்திலிருந்து தூர வைப்பதும், சிந்திய பெட்ரோலை முதலில் துடைப்பதும் அவசியம். இவ்வித ஜாக்கிரதையின்றிப் பார்ப்பதைவிடப் பாராதிருப்பதே மேல். நல்ல பிளக்கிலும் பொறி இல்லையானால் காயிலிலோ சுவிச்சு வயரிலோ கோளாறு.

மேற்சொன்ன எஞ்சினைச் செய்தவர்கள் ஆறு மாதத்துக்கோ 100 மணி நேர ஓட்டத்துக்கோ ஒருமுறை பிளக்கைச் சோதிக்கவும், வருஷத்துக்கோ 300 மணி நேரத்துக்கோ ஒருமுறை மாற்றவும் கூறியிருக்கிறார்கள். எது முந்துகிறதோ அதைக் கொள்ளவேண்டும். ஊராட்சிக்கும் சங்கத்துக்கும் சொந்தமான எஞ்சின்களில் யார், எப்பொழுது, எத்தனை மணி ஓட்டினார் என்பது தெரிவதில்லை. ஒரு சிறு நோட்டுப் புஸ்தகம் எஞ்சினோடு கட்டித் தொங்கவிட்டு, தேதி, ஓடிய மணி, ஆயில் மாற்றிய நாள், பிளக்கு மாற்றிய நாள் இவற்றை எழுதிவரக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்யவேண்டும். சரியான பிளக்கு ஒன்றும் குழல் ஸ்பேனரும் எஞ்சின் பக்கத்திலேயே பூட்டி வைக்கப்பட்டிருக்கவேண்டும். வெள்ளம் சூழ்ந்த இரவில் கடை திறந்திருக்காது.

மழை ஓய்ந்து எஞ்சினைக் கட்டிவைக்கும்போது செய்யவேண்டியது ஒன்றுண்டு. தொட்டியிலும் கார்புரேட்டரிலுமுள்ள பெட்ரோலை முழுதும் இறக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியே ஒரு தேக்கரண்டியளவு சுத்தமான எஞ்சின் ஆயிலை விட்டு, கயிற்றை மெள்ள நாலைந்து முறை இழுத்தால் சிலிண்டர் முழுதும் ஆயில் பரவும். பிளக்கை மறுபடி மாட்டியபின், கயிறு கனக்குமிடம் வரையில் மெதுவாக இழுத்து நிறுத்தவேண்டும். அவ்விடத்தில் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் ஈரக்காற்று உள்ளே புகாது, துருவும் பிடிக்காது. மறு வருஷம் புரட்டாசியில் புதுப் பெட்ரோல் ஊற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்போது சிறிது நேரம் வெள்ளைப் புகை வரும். உள்ளே விட்ட ஆயில் எரிவதால் வரும் புகை அது; அதைக் கண்டு பிளக்கை மாற்றவேண்டியதில்லை.